சிவப்புக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே

அந்த நகரத்தில் மழைத்தண்ணீருக்கும் வீட்டுக் கழிவுக்கும் ஒரே குழாய். பெருமழை வந்தால் குழாய் கொள்ளாது. பம்ப் ஹவுஸ் கிணற்றில் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டதும், மதகைத் திறந்து மிஞ்சியதை ஆற்றில் விடவேண்டும். இருபத்திரண்டு வருடமாக மதகுக்காரருக்கு இதுதான் வேலை. ஆறு நாறினால் வசவும் அவருக்குத்தான்.

மனிதர் கோடு வரை காத்திருப்பதே இல்லை. தாழ்வான தெருவில் அவருடைய அக்கா குடியிருந்தாள். ஒருமுறை இவர் விதிப்படி காத்திருந்தபோது, அவள் குளியலறை வழியே சாக்கடை பொங்கிக் கட்டில் கால்வரை ஏறிவிட்டது. அதிலிருந்து தண்ணீர் ஒரு சாண் கீழே இருக்கும்போதே திறந்துவிடுவார். பதிவேட்டில் மட்டும் ‘கோட்டைத் தொட்டது’ என்று கூசாமல் எழுதுவார்.

ஆற்று மாசைத் தடுக்க அரசு ஒரு பணிக்குழு அமைத்தது. குழுவின் பொறியாளர் ஓர் இளம்பெண். கிணற்றில் மீட்டர் பொருத்தினாள். முதல் மழையிலேயே குட்டு வெளிப்பட்டது. மதகுக்காரர் ஓய்வுபெற எட்டே மாதம்; வேலை போனால் பென்ஷனும் போகும்.

"நோட்டுல கோட்டைத் தொட்டுச்சுன்னு இருக்கு. மீட்டர் ஒரு சாண் கம்மியா காட்டுது. ஏங்கய்யா?"

மீட்டர் கோளாறு என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் அவள் அதட்டாமல் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். பொய் சொல்ல மனசு வரவில்லை.

"தப்புதாம்மா. அதுவரைக்கும் விட்டா எங்க அக்கா வீட்டுக்குள்ள வந்துடும்."

"கோட்டைத் தொடுறதுக்கு முன்னாடியே வீட்டுக்குள்ள வரக்கூடாதே! அந்தத் தெருக் குழாய்லதான் ஏதோ இருக்கு" என்றாள் அவள்.

மூன்றாம் நாள் அந்தத் தெருக் குழாய்க்குள் கேமரா விட்டார்கள். எந்தப் புண்ணியவானோ ரிப்பேர் முடித்த அவசரத்தில் பலகைகளை உள்ளேயே விட்டுப் போயிருந்தான். குப்பை சேர்ந்து பாதிக் குழாய் அடைத்திருந்தது. விதி பேசிய பெரிய மனிதர்கள் எத்தனையோ பேர் வந்து போனார்கள், ஒருத்தராவது அங்கே எட்டிப் பார்த்தார்களா? இவள் பார்த்தாள், நின்று எடுக்கவும் வைத்தாள்.

அடுத்த பெருமழைக்கு அவளும் கிணற்றருகே நின்றாள். தண்ணீர் அவர் வழக்கமாகத் திறக்கும் இடத்தைத் தாண்டியது. மதகுக்காரரின் கை சக்கரத்துக்குப் போனது.

"பொறுங்கய்யா. அக்காவுக்குப் போன் போடுங்க."

போட்டார். "அக்கா, பாத்ரூம்ல என்ன தெரியுது?"

"தரைதான் தெரியுது. காஞ்சு கிடக்குடா. ஏன்?"

கோட்டுக்கு நாலு விரல் கீழே தண்ணீர் நின்றது. மழை விட்டதும் இறங்க ஆரம்பித்தது. ஆற்றுக்கு அன்று ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை. மதகுக்காரர் போனைப் பொறியாளரிடம் கொடுத்தார். நடந்ததையெல்லாம் அவள்தான் சொன்னாள். அதுவரை அக்காவுக்கு எதுவுமே தெரியாது.

"எனக்காகவா இத்தனை வருஷம் பயந்து செத்தான்? அவன வேலைய விட்டு எடுத்துடாதீங்கம்மா."

"எடுக்கலம்மா. பொய்யா எழுதினதுக்கு ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். அவர் சொல்லலைன்னா நாங்க உங்க தெருவுக்கே வந்திருக்க மாட்டோம்."

மதகுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா இருப்பேம்மா நீ," என்றார்.