லைன் இன்ஸ்பெக்டர் கட்டிய கம்ப்யூட்டர்

என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற நான்காவது மாதம் எங்கள் லேப்டாப் செத்துப்போனது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்காது என்றுதான் முதலில் நினைத்தேன். உள்ளே காற்றாடி சத்தம் போடுகிறதென்று முந்தின நாள் அவர் அதைக் கழற்றிச் சுத்தம் செய்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் மூன்று மாதத்தில் வீட்டில் பழுதாகிக் கிடந்ததையெல்லாம் சரிசெய்து முடித்துவிட்டார். அதன்பின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவற்றைச் சரிசெய்ய ஆரம்பித்திருந்தார். மிக்சி, அயர்ன் பாக்ஸ், அப்புறம் லேப்டாப்.

நான் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கேள்வித்தாள் அடிக்க வேண்டும், மதிப்பெண் ஏற்ற வேண்டும். செல்போனில் அதையெல்லாம் செய்யச் சொல்பவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று தெரியாது. சென்னையில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டதுதான் நான் செய்த தவறு.

"புதுசா ஒரு லேப்டாப் வாங்கிருங்கம்மா. நானே ஆர்டர் போடுதேன்."

"ரெடிமேடா?" என்று பக்கத்திலிருந்து குரல் வந்தது. "சட்டையே தச்சுப் போடுதவன் நான். சாமான வாங்கி நாமளே அசம்பிள் பண்ணிக்கிடுவோம். பாதிச் செலவுல முடிஞ்சிரும்."

"அப்பா, அது ஒண்ணும் டிரான்ஸ்பார்மர் இல்ல."

"அதத்தான் நானும் சொல்லுதேன். அதவிடச் சின்னதுதான?"

மகள் போனை வைத்துவிட்டாள்.

பத்து நாள் வீடியோ பார்த்தார். அவருக்குப் பிடித்துப்போன ஆள் இந்தியில் பேசுகிறவன். இவருக்கு இந்தி தெரியாது. "கையப் பாத்தாப் போதும்டி, பேச்சு எதுக்கு?" என்றார். மகளும் வேறு வழியில்லாமல் சாமான்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். நாங்கள் கேம் விளையாடப் போவதில்லை, சினிமா எடுக்கப் போவதில்லை. ஆகவே குறைந்த விலைப் பிராசசர், அதற்கு ஏற்ற மதர்போர்டு, ராம் என்கிற மெமரி பட்டை ஒன்றே ஒன்று, எல்லாவற்றையும் சேமித்து வைக்கச் சின்னதாக ஓர் எஸ்.எஸ்.டி. கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸை மட்டும் நல்லதாக வாங்கச் சொன்னாள். பட்டியலில் இருந்த கேபினட்டையும் மானிட்டரையும் இவர் அடித்துவிட்டார். ஒன்று தகரப் பெட்டி, இன்னொன்று கண்ணாடி, இதற்கெல்லாம் புதிது எதற்கு என்பது அவர் கட்சி.

தகரப் பெட்டி சுரண்டையில் கிடைத்தது. மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரின் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். சாரலில் நனைந்துகொண்டு, அதை மடியில் வைத்தபடியே பஸ்ஸில் வந்து இறங்கினார். உள்ளே நான்கு பல்லி முட்டை ஓடுகள். முன்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர்: 'ஆபாசப் படம் பார்ப்பவர்கள் போலீசில் ஒப்படைக்கப்படுவார்கள்.' தேங்காய் எண்ணெய், வெந்நீர், பிளேடு எல்லாம் போட்டுப் பார்த்தேன், வரவில்லை. அந்த ஸ்டிக்கர் ஒட்டிய பசையைப் பெட்டிக்குப் பெயின்ட்டாக அடித்திருந்தால் பெட்டி துருப்பிடித்திருக்காது.

மானிட்டர் ஐந்தருவியிலிருந்து வந்தது. அங்கே என் கொழுந்தனாருக்கு அல்வா, சிப்ஸ் கடை. கடையில் கேமரா வைத்து, அதைப் பார்க்க ஒரு மானிட்டரும் வைத்திருந்தார். அந்த வாரம் அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. ஆள் இல்லாத கடையில் கேமரா யாரைப் பார்ப்பது? மானிட்டரைப் பாலித்தீன் தாளில் சுற்றி, பைக்கில் கட்டி, அவரே கொண்டுவந்தார். ஐந்து வருடமாகச் சிப்ஸ் சட்டிக்கு எதிரே இருந்த பொருள். பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டு மூன்று முறை துடைத்தேன். அப்புறம்தான் அது கறுப்பு நிறம் என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை எமகண்டம் கழித்து, ஒன்றரை மணிக்கு வேலை தொடங்கியது. சாப்பாட்டு மேசையில் என் புது விரிப்பின் மேல் அண்ணனும் தம்பியும் எல்லாவற்றையும் பரப்பினார்கள். வீட்டுக்காரர் வேலைக்காலத்து ரப்பர் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். கம்பத்தில் ஏறும்போது போடும் கையுறை. கடுகளவு திருகாணியை அதை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் தேடினார். பிறகு, "இதுல அவ்வளவு வோல்டேஜ் இல்ல" என்று அவராகவே கண்டுபிடித்துக் கழற்றினார்.

பிராசசரின் தலையில் உட்காரும் சின்னக் காற்றாடியைத் திருப்பிப் பார்த்தவர் முகம் சுளித்தார். அடியில் சாம்பல் நிறத்தில் வட்டமாக ஏதோ அப்பியிருந்தது. "பாத்தியாலே, துடைக்காமக் கொள்ளாம அனுப்பியிருக்கான்" என்று சொல்லி, வேட்டி நுனியால் பளபளவென்று துடைத்தார்.

வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்த கொழுந்தனார் தலையைச் சொறிந்தார். "அண்ணே, இவன் அந்த எடத்துல எதையோ தடவுதானே? நீங்க தொடைக்கிய?"

மகளுக்குப் போன் போனது. "அப்பா, அது சூட்டை இழுக்கிற பேஸ்ட். கம்பெனியிலயே தடவித் தருவாங்க. அதத் தொடச்சிட்டீங்களா?"

"கொஞ்சமாத்தான் தொடச்சேன்" என்றார் இவர். வேட்டி வேறு சொன்னது.

மறுநாள் நான் பள்ளிவிட்டதும் தென்காசியில் கம்ப்யூட்டர் கடைக்கு என்னையும் அழைத்துப் போனார். கடைக்காரர், "கூலர்லயே தடவி வந்திருக்குமே அண்ணாச்சி?" என்று கேட்டார். "நமக்கு வந்ததுல தடவல" என்றார் கண் இமைக்காமல். கண்மை டப்பாவை விடச் சின்ன ஒரு குழாயில் பேஸ்ட் வந்தது. எல்லாம் மாட்டி முடித்து அன்று சாயங்காலம் பொத்தானை அழுத்தினார்கள். காற்றாடி சுற்றியது. உள்ளே விளக்கு எரிந்தது. அண்ணன் தம்பி இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மானிட்டர் மட்டும் இருட்டாகவே இருந்தது.

அணைத்துப் போட்டார்கள். வயரைப் பிடுங்கிச் செருகினார்கள். மானிட்டரின் முதுகில் தட்டினார்கள். அரை மணி நேரத்தில் வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"மானிட்டர் போயிருச்சு. எண்ணெய் எறங்கியிருக்கும்."

"எம் மானிட்டரா? கடையில இருந்தவரைக்கும் படம் காட்டுனது அண்ணே. நீங்க மாட்டுனதுலதான் கோளாறு."

"முப்பத்தாறு வருசம் லைன் பாத்தவன்ட்ட வந்து சிப்ஸ் பொரிக்கவன் பேசுதியோ?"

சொன்ன உடனேயே அவருக்கும் தெரிந்துவிட்டது, சொல்லியிருக்கக் கூடாது என்று. கொழுந்தனார் எழுந்துவிட்டார். நான் போட்டு வைத்த காப்பியைத் தொடாமல், "வாரேன் மைனி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். சம்பந்தப்பட்ட மானிட்டரை மட்டும் விட்டுவிட்டுப் போனார்.

இரண்டு நாள் வீடு அமைதியாக இருந்தது. லேப்டாப்பைக் கழற்றிய மனிதர் மிக்சி பக்கம்கூடப் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் அந்தப் பெட்டி இருந்ததால் நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் பாதியில் எழுந்துவிடுவார். செவ்வாய்க்கிழமை காற்று அடித்து எங்கள் தெருவில் கரண்ட் போனது. இவர் வேகமாக வாசலுக்குப் போய்க் கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். போன வருடம்வரை இந்த மாதிரிக் காற்று அடித்தால் எங்கள் வீட்டுப் போன் ஓயாது. சாப்பிட விட மாட்டார்கள் என்று நான்தான் திட்டிக்கொண்டே இருப்பேன். இப்போது சட்டைப் பையில் போன் சும்மா இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேறு யாருக்கோ போன் போட்டு, "சார், எங்க தெருவுல கரண்ட் இல்ல" என்று சொல்வது கேட்டது. இவருக்கும் கேட்டிருக்கும். உள்ளே வந்து, "பியூஸ்தான், பத்து நிமிசத்துல வந்துரும்" என்று என்னிடம் சொன்னார். நான் கேட்கவே இல்லை.

அன்றைக்கு எனக்குக் கேலி பேச வரவில்லை. அபூர்வம்தான்.

புதன்கிழமை பள்ளிவிட்டு வந்ததும், மதர்போர்டு டப்பாவில் பிரிக்காமல் கிடந்த கையேட்டை எடுத்தேன். ஒன்பது மொழியில் அச்சடித்திருந்தார்கள், ஒன்றும் நம் மொழி இல்லை. படம் இருந்தது. ராமை மாட்டும் படத்தில், ஓரத்துக் கொக்கி தானாக மூடிக்கொள்ளும் வரை அழுத்த வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருந்தது. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். எங்கள் கொக்கி திறந்தே இருந்தது. ராம் ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு, விருந்தாளி நாற்காலி நுனியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"ஏங்க, இங்கன வாங்க. இது சரியா உக்காரலயோ?"

வந்தார். கையேட்டைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "இதுக்கு மேல அழுத்துனா ஒடிஞ்சிரும்டி. அதான் மெதுவா வச்சேன்."

கம்பத்தின் உச்சியில் காலை மடக்கி நின்று கம்பி இழுத்த மனிதர், விரல் நீளச் சில்லுக்குப் பயந்திருக்கிறார்.

"ஒடிஞ்சா ஒடியட்டும். அழுத்துங்க."

கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் அழுத்தினார். டக்கென்று சத்தம். என்னைப் பார்த்தார், ஒடிந்தது என்றே நினைத்துவிட்டார். கொக்கி மூடியிருந்தது. பொத்தானைப் போட்டோம். சிப்ஸ் கடை மானிட்டரில் வெள்ளை எழுத்துகள் வரிசையாக வந்தன. இவர் நாற்காலியில் உட்கார்ந்து, "வந்துட்டு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவன்ட்ட போய்ச் சொல்லணும்" என்றார்.

சனிக்கிழமை ஸ்கூட்டரில் ஐந்தருவிக்குப் போனோம். தடையை எடுத்துவிட்டார்கள். ஈரத்துண்டும் எண்ணெய் மினுங்கும் உடம்புமாகக் கூட்டம் கடையை மொய்த்தது. கொழுந்தனார் நேந்திரங்காய் சிப்ஸைப் பொட்டலம் கட்டிக்கொண்டே எங்களைப் பார்த்தார், பார்க்காதது போலவும் இருந்தார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத என் வீட்டுக்காரர் கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். வாசலில் ஒரு டியூப்லைட் விட்டுவிட்டு எரிந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அதைக் கழற்றி, வயரைச் சரிபண்ணி, எரிய வைத்துவிட்டு இறங்கினார். அவர் பங்குக்கு மன்னிப்பு அவ்வளவுதான்.

கூட்டம் குறைந்ததும் தம்பி, "டீ குடிக்கியளா?" என்று கேட்டார். அவர் பங்குக்கு அவ்வளவுதான்.

"உன் மானிட்டர் நல்லாத்தாம்லே இருக்கு."

"அது எனக்குத் தெரியும். என்ன கோளாறு?"

"ராம் சரியா உக்காரல. உங்க மைனிதான் கண்டுபிடிச்சா."

அருவி இரைச்சலில் எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பார். கேட்டது. வீட்டுக்குப் போய்த் தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டேன்.

டீயை ஆற்றிக் கொடுத்த கொழுந்தனார் தொண்டையைக் கனைத்தார். "அண்ணே, தப்பா எடுத்துக்கிடாதிய. மானிட்டரைத் திருப்பித் தரணும். நேத்து எவனோ ரெண்டு கிலோ அல்வாவத் தூக்கிட்டுப் போயிட்டான். கேமரா பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு. நாந்தான் பாக்க முடியல."

அன்று மாலையே மானிட்டர் போய்விட்டது. ஆக, பாதிச் செலவில் முடிந்த எங்கள் கம்ப்யூட்டரில் எல்லாம் இருந்தது, பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. புது மானிட்டர் வாங்கலாம் என்றேன். இவர் ஒரு வயரோடு வந்து ஹாலில் இருந்த டி.வி.யில் செருகினார். ஆளுயர விண்டோஸ் எங்கள் சுவரில் எழுந்தருளியது.

வேகமாகத்தான் ஓடுகிறது, குறை சொல்ல முடியாது. மகள் வீடியோ காலில் வந்தால் அவள் மூக்குத்தி மட்டும் கொய்யாப்பழம் அளவு தெரிகிறது. கொழுந்தனார் கிரிக்கெட் பார்க்க வருகிறார், சிப்ஸோடு. இரண்டு தெரு தள்ளி ஒருவர், "எங்க வீட்டுக்கும் ஒண்ணு அசம்பிள் பண்ணித் தாங்க அண்ணாச்சி" என்று போன் செய்தார். இவர் பேசி முடித்து அரை மணி நேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தார்.

போன வாரம் நான் சோபாவில் உட்கார்ந்து, முதல் இடைத்தேர்வு மதிப்பெண்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். சீரியல் பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, சீரியலுக்குப் பதிலாக ஒன்பதாம் வகுப்பு முழுவதையும் மேலிருந்து கீழாகப் படித்துவிட்டாள்.

"ஏன் டீச்சர், எங்க அக்கா மகளுக்கு முப்பத்தொண்ணுதானா? கடைசி வீட்டுக்காரி மகளுக்கு எண்பது போட்டிருக்கிய?"

சமையலறையிலிருந்து இவர் ஈரக் கையோடு ஓடி வந்து திரையைப் பார்த்தார். "எழுத்து நல்லாத் தெரியுதுல்லா, அக்கா?" என்று அவளிடம் கேட்டார்.