போஸ்டர் இல்லாத நூலக அறிவிப்பு

இன்று அசாம் ஜாவா ஊரில் ஒரு கடைக்குத் தேநீர் குடிக்கப் போனேன். கடைக்கார அக்கா என்னையே முறைத்துப் பார்த்தார்.

"தம்பி, லைப்ரரி வெப்சைட் நீதான செஞ்சே?"

திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன்.

"மக எஸ்பிஎம் பரீட்சை எழுதுறா. வீட்டுல சின்னதுங்க சத்தம், லைப்ரரிக்குப் போயித்தான் படிப்பா. காலையில போன்ல பார்த்தா, இன்னிக்கு மூடியிருக்கு, தஞ்சோங் காராங் கிளை திறந்திருக்குன்னு மேலயே போட்டிருக்கு. நேரா அங்க பஸ் ஏத்தி விட்டுட்டேன்லா. இல்லன்னா பூட்டைப் பார்த்துட்டுத் திரும்பியிருப்பா."

முன்பெல்லாம் இந்த அறிவிப்பு போஸ்டராகத்தான் வரும். மேலே சின்னங்கள், நடுவில் பெரிய மனிதர்களின் படம், விஷயம் மட்டும் அடியில் எறும்பு மாதிரி. தோட்டத்துப் பக்கம் போனில் லைன் கிடைப்பதே பாடு. படம் திறக்கவே திறக்காது.

"வெறும் எழுத்தாகப் போடுங்கள்" என்று நூலகர் காக் நோராவிடம் சண்டையே போட்டேன். மாற்றினார். மேலிடத்தில் திட்டு வாங்கியதும் அவர்தான்.

அதனால் அக்கா சொன்னதை அப்படியே எழுதி, நன்றி சொல்லி காக் நோராவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. ரோஜாப்பூ வைத்த போஸ்டர். அடியில் இருந்த 'நன்றி'யைப் பெரிதாக்கித்தான் படித்தேன்.

உங்கள் ஆபிஸிலும் இப்படித்தானா?