சாப்பிட்ட கை

திண்டிவனத்தில் ஜவுளிக்கடை வேலைக்குப் போன வருஷங்களை நினைத்தால் இன்றும் எனக்கு நாக்கில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் துவையல் ருசிதான் ஊறுகிறது. மாடியில் துணி பண்டல்களுக்கு நடுவே காலை நீட்டி உட்கார்ந்து, அடுத்தவள் டிபன் பாக்ஸில் கைவிட்டுப் பிடுங்கித் தின்போம். நாள் முழுக்க நிற்கிற வேலையில் அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்களுக்குச் சொர்க்கம்.

முகூர்த்த மாதம் வந்தால் அதற்கும் ஆபத்து. கல்யாணப் புடவையை விரித்துக் காட்டியவளே மடித்து பில் போட அனுப்ப வேண்டும், நடுவில் கை மாறினால் வியாபாரம் கெட்டுவிடும் என்பது முதலாளியின் நம்பிக்கை. சட்டத்தில் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று உண்டாம். அது எங்கள் கடைப் படியேறி வந்ததே இல்லை.

ஒருநாள் மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வேன் நிறைய கல்யாண வீட்டார் வந்தார்கள். பட்டுப் பிரிவில் நின்றது, மாசமாக இருந்த ஓர் அக்கா. வெயில் சாய்ந்தும் ஒரு நிறமும் முடிவாகவில்லை. அக்காவுக்குக் கை நடுங்கியது. "நான் காட்டறேங்க, அக்கா சாப்ட்டு வரட்டும்" என்று கல்லாவில் போய்க் கெஞ்சினேன். முதலாளி முறைத்த முறைப்பில் திரும்பிவிட்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்யாணப் பெண்ணின் அம்மா கவனித்துவிட்டாள்.

"ஏம்மா, கை இப்டி நடுங்குதே, சாப்டியா?"

அக்கா இல்லை என்று தலையாட்டினாள்.

"வயித்துல புள்ளய வச்சிக்கினு பட்டினியா நிக்கிறியா? ஜல்தியா போய் சாப்ட்டு வா. நாங்க குந்திக்கினு இருக்கோம்."

முதலாளி ஓடி வந்தார். "நல்ல காரியம்மா, நடுவுல கை மாறக்கூடாதுங்க."

"யாரு மாத்தச் சொன்னது? அவளே வந்து எடுத்துக் குடுக்கட்டும். பசியோட எடுத்துக் குடுக்கிற பொடவய எம்பொண்ணு கட்டமாட்டா. முடியாதுன்னா வேற கடைக்குப் போறோம்."

முதலாளிக்கு முகம் செத்துப்போனது. அக்கா மாடியேறினாள். அத்தனை பேரும் ஜமக்காளத்தில் உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பி வந்து அவள் எடுத்துக் கொடுத்த அரக்குப் புடவையை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அதன்பிறகு கல்யாணக் கூட்டம் படியேறினாலே முதலாளி எங்களைப் பார்த்து, "எல்லாரும் சாப்டாச்சாம்மா?" என்று பதறுவார். அந்த அக்கறை புடவைமேல்தான் என்று எங்களுக்குத் தெரியாதா? சாப்பிட்டு முடித்தவர்களும்கூட "இன்னும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு மாடியேறுவோம்.