பாறையோரத்துப் பள்ளம்

சுரங்கத்தில் என்னோடு வேலை செய்த ஜோடிக்காரன் அந்தக் கடலைப் பற்றி ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். சென்னைக்குத் தெற்கே, அவன் அக்காள் புருஷன் உப்பளத்தில் வேலை பார்த்த ஊர்; லீவில் என்னையும் அங்கே கூட்டிப்போயிருந்தான். கரை பிறைபோல வளைந்திருந்தது. தென்கோடியில் கரும்பாறைகள் கடலுக்குள் நீண்டு அலையைத் தடுத்ததால், உள்ளே தண்ணீர் ஏரிபோலக் கிடந்தது. நாற்பது தப்படி நடந்தும் முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. காலடியில் மாவு மாதிரி மணல். பெண்கள் குழந்தைகளை உட்காரவைத்துக் குளிப்பாட்டினார்கள்.

எனக்கு நீச்சல் தெரியாது. அது அவனுக்குத் தெரியும். ஆறு வருஷமாக இருவருக்கும் ஒரே ஷிப்ட். சுரங்கத்துக்குள் மெழுகுவத்தி வெளிச்சம் தரைவரை எட்டாது. முன்னால் போகிறவன் மேடு, பள்ளம் என்று சொல்லிக்கொண்டே போவான்; பின்னால் வருகிறவன் குனிந்து பாராமல் அந்தக் குரலுக்குக் கால் வைப்பான். எங்களில் முன்னால் போகிறவன் எப்போதும் அவன்தான்.

அன்று பாறையோரம் மார்பளவுத் தண்ணீரில் நின்றேன். அங்கே நீர் கறுத்து, கடல் பக்கமாக மெல்ல இழுத்தது. தயங்கினேன். அவன் பாறைமேல் உட்கார்ந்து, "தரைதான் மச்சான், வா" என்றான்.

கால் வைத்தேன். தரை இல்லை.

எத்தனை முறை முங்கினேனோ தெரியாது. கட்டுமரத்திலிருந்து குதித்த ஒரு மீனவர் என் தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்தார். பாறையோரம் வாய்க்கால்போல ஆழம் உண்டு, கடல் வற்றும் நேரத்தில் உள்ளே இருக்கிற தண்ணீரெல்லாம் அதன் வழியாகத்தான் வெளியே ஓடும், உன் சிநேகிதன் வருஷாவருஷம் இங்கே குளிக்கிறவன்தானே, சொல்லவில்லையா என்று கேட்டார்.

அவனும் அக்காள் புருஷனும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கத்தவைக்கிறேன் என்று அவரிடம் பந்தயம் கட்டியிருந்தானாம்.

"பாதாளத்துக்கே எறங்கறவன், இந்தத் தண்ணிக்கா இப்பிடிக் கத்துவ? இன்னா மச்சான் நீ" என்றான்.

கூச்சத்தில் நானும் சிரித்துவிட்டேன்.

எங்கள் சுரங்கம் இருக்கிற ஊரிகம் திரும்பியதும் மேஸ்திரியிடம் என்னை வேறு ஆளோடு போடச் சொன்னேன். சண்டையா என்று கேட்டார். இல்லை என்றேன். மறுவாரம் அவன் என் வீட்டுக்கே வந்தான்.

"ஒரு தமாசுக்குப் போயி ஜோடிய மாத்திக்குவாங்களா?"

நான் எழுந்து கொல்லைப்பக்கம் போனேன். என் மனைவியிடமும் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. அவள் வழக்கம்போல அவனை உட்காரச் சொல்லிக் களி போட்டாள். அவன் சாப்பிட்டுக் கை கழுவிப் போகும்வரை நான் கொல்லைப்பக்கமே நின்றிருந்தேன்.