ப்ரோசொலிதோ பாபு

வங்காளத்தில், டாலிகஞ்சில் எனக்கு மைக் செட் தொழில். துர்கா பூஜை நாட்களில்தான் கை நிறைய வேலை. அந்த வருஷம் ஒரு கமிட்டி பந்தலை சந்தால் பழங்குடி கிராமம் மாதிரி போட்டிருந்தது. மண் சுவர், சுவரில் சித்திரம், நடுவில் துர்க்கை. வாசலில் ஆடுவதற்குப் புருலியாப் பக்கமிருந்து சந்தால் ஆட்களையே கூட்டிவந்திருந்தார்கள்.

கமிட்டி செக்ரட்டரி ஒரு பென்டிரைவ் கொடுத்தார்.

"அண்ணா, நாள் முழுக்க இந்தப் பாட்டுதான். நிறுத்தவே கூடாது."

தமிழன் என்றால் இங்கே அண்ணாதான். என் அப்பா வயதுக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

பாட்டில் ஒரு ஆண் குரல். அதன்மேல் டிரம். நடுவே 'ஹாயிரே, ஹாயிரே' என்று வரும். அந்த இடத்தில் கூட்டம் கையைத் தூக்கிக் குதிக்கும், சத்தத்தைக் கூட்டச் சொல்லும். கூட்டுவேன். முடிந்தால் திரும்ப அதே பாட்டு. எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

சப்தமி சாயங்காலம் ஆட வந்தவர்களில் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். தலைப்பாகையில் மயில் இறகு. ஆம்ப்ளிஃபையரையே பார்த்தார்.

"தாதா, இது என் குரல்." இங்கே தாதா என்றால் அண்ணன்.

"நல்லாருக்கே."

"நல்லா இல்ல. இது அழுகைப் பாட்டு."

விட்டுவிட்டுச் சொன்னார். அவர்கள் ராஜா ஒருவர் வஞ்சகத்தால் செத்தவராம். பூஜை நடக்கும் இதே நாட்களில் ஆண்கள் அவரைத் தேடி வீடு வீடாகப் பாடிக்கொண்டு போவார்களாம். 'ஹாயிரே' என்றால் ஐயோ. ஆட்டத்துக்கு ஆள் பேச ஊருக்கு வந்தவன் பாடிக் காட்டச் சொல்லிப் போனில் பிடித்துவிட்டான். டிரம் சேர்த்தது யாரோ.

"எங்க ஊர்ல சாவுக்கு மேளம் அடிச்சு ஆடுவாங்களே," என்றேன்.

"ஆடுங்க. அது உங்க சாவு."

ஆம்ப்ளிஃபையரைக் காட்டினார்.

"நிறுத்துங்க தாதா."

"என் கையில இல்ல. பாட்டுக்குச் சொந்தக்காரரைக் கேளுங்க." வாசல் பேனரைக் காட்டினேன். 'பாடல், இசை: ப்ரோசொலிதோ' என்று இருந்தது. வங்காளம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆள் பேர் என்று நினைத்தேன்.

"அப்ப அவர்தான் திருடினவர்," என்றார். அவர் கோபத்தில் இருந்தார். இரண்டு பேரும் கமிட்டி அறைக்குப் போனோம்.

"ப்ரோசொலிதோ பாபு இருக்காரா?"

அறையே சிரித்தது. ஒருவருக்கு டீ புரையேறியது.

"அண்ணா, அது ஆளே இல்ல," என்றார் செக்ரட்டரி. "காலங்காலமா பாடிட்டு வர்றதுன்னு அர்த்தம். அதுக்குச் சொந்தக்காரன் கிடையாது. யார் வேணா எடுத்துக்கலாம்."

பாடியவர் சிரிக்கவில்லை. "ஊருக்கு வந்தப்பவே கேட்டிருந்தா யாரோடதுன்னு சொல்லியிருப்போம்."

"சரிப்பா, உன் ஊர் பேரைப் போட்டுடறேன். சந்தோஷமா?"

"பேர் வேண்டாம். பாட்டு நிக்கணும். இல்லேன்னா நாளைக்கு ஆட மாட்டோம்."

"அஷ்டமியன்னிக்கா? கூட்டம் இதுக்குத்தான் வருது, தெரியுமா?" செக்ரட்டரி என் பக்கம் திரும்பினார். "அண்ணா, நீ போய்ச் சத்தத்தைக் கூட்டு."

"வேற பாட்டு போடறேன். இல்லேன்னா வேற செட் பாத்துக்குங்க."

யோசித்துச் சொல்லவில்லை. ஐயோ என்று அர்த்தம் தெரிந்த பிறகு அந்தக் குமிழைத் திருகக் கை போகாது, அவ்வளவுதான்.

அடுத்த பூஜைக்கு இந்தத் தெருவில் எப்படி செட் போடுகிறாய் பார்க்கிறேன் என்றார் செக்ரட்டரி. ஆனால் அஷ்டமிக்கு ஆளும் வேண்டும், செட்டும் வேண்டும். சரி என்று கையை உதறினார்.

போய்ப் பென்டிரைவைப் பிடுங்கினேன். பந்தல் அடங்கியது. பாடியவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

அடுத்த தெருவிலிருந்து டிரம் கேட்டது. பின்னாலேயே அவர் குரல். ஹாயிரே. அங்கே கூட்டம் கத்தியது.

"அங்கயும் உங்க செட்டா?"

"இல்ல. போன்ல போன்ல போயிருக்கும்."

"எவ்வளவு தூரம்?"

லேக் கார்டன்ஸா, ஜாதவ்பூரா, எங்கே வரைக்கும் போயிருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவர் சத்தம் வந்த பக்கம் நடக்க ஆரம்பித்தார். செட்டை அப்படியே விட்டுவிட்டு நானும் பின்னால் போனேன்.