வெக்கமில்லன்னு சொல்லிக்கினே கேட்டவங்க

காஞ்சிபுரத்துல வீடு இருந்தா சொந்தக்காரங்களுக்குப் பஞ்சமே கிடையாது. வருஷம் பூரா நாம இருக்கோமா செத்தோமான்னு கேக்காதவங்க, அவங்க வீட்ல ஒரு கல்யாணம் நிச்சயமானா போதும், "உன்னப் பாக்கணும் போல இருக்குதும்மா"ன்னு போன் போடுவாங்க. என்னையா பாக்க வராங்க? பட்டுப் புடவை எடுக்க வராங்க! மதியச் சோறு, கட்டில்ல ஒரு தூக்கம், கடையில வெல பேச உள்ளூர்க்காரி, எல்லாம் ஒரே எடத்துல கெடைக்குதே.

போன தை மாசம் அப்படித்தான் என் வீட்டுக்காரரோட ஒண்ணுவிட்ட அக்கா சென்னையிலேர்ந்து வேன் வெச்சுக்கினு வந்து எறங்குனாங்க. அவங்க பொண்ணுக்குத்தான் கல்யாணம். கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. வாய் நெறைய சிரிப்பு. அந்தப் பொண்ணு எதக் கேட்டாலும் முன்னாடி ஒரு வார்த்தை போடும். "அத்தே, நான் கொஞ்சம் ஷேம்லெஸ், இன்னும் ரெண்டு வடை வைங்க." "ஷேம்லெஸ்ஸா கேக்கறேன் அத்தே, உங்க ஸ்கூட்டி சாவி குடுங்க, காமாட்சி கோயில் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

அடுப்பாங்கரையில எம் பொண்ண நிறுத்தி, "இன்னாடி அது ஷேம்லெஸ்ஸு?"ன்னு கேட்டேன்.

"வெக்கம் இல்லைன்னு அர்த்தம்மா. ஆனா அவங்க ஸ்டைலா சொல்லிக்கறாங்க."

அடேங்கப்பா! எங்க தெருவுல ஒருத்திய வெக்கங்கெட்டவளேன்னு சொல்லிப் பாருங்க, குழாயடியில குடம் பறக்கும். அதையே இங்கிலீஷ்ல தனக்குத்தானே சொல்லிக்கினா ஸ்டைலாம். சொல்லிட்டா போதும், அப்புறம் எத வேணா கேக்கலாம். டிக்கெட் எடுத்தாச்சு, பஸ்ல எங்க வேணா உக்காரலாம்ங்கற மாதிரி.

அன்னிக்கு என்னையும் கடை கடையா இழுத்துக்கினு போனாங்க. கடைக்காரப் பசங்க அலமாரியையே கவுத்துப் போட்டாங்க. அந்தப் பொண்ணு ஒவ்வொண்ணா தோள்ல போட்டுப் போட்டோ புடிச்சு, "எதுவும் மனசுல ஒட்டல அத்தே"ன்னு எழுந்துடுச்சு. எனக்குத்தான் மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல. நாளைக்கும் நான் அந்தக் கடைங்க வழியாத்தானே போவணும்?

வீட்டுக்கு வந்து எல்லாருக்கும் காபி குடுத்தேன். எங்களது நெசவுக்காரத் தெரு, எங்களுக்கு ஒரு வியாதி உண்டு. விருந்தாளிக்குக் காபி குடுக்கறமோ இல்லையோ, தறிமேல மூடியிருக்கற துணிய விலக்கிக் காட்டிடுவோம். என் வீட்டுக்காரரும் பெருமையா விலக்குனாரு. நான் வேணாம்னு கண்ண காட்டறேன், மனுஷன் பாத்தாத்தானே!

அவர் வருஷம் பூரா நெய்யறது முதலாளி குடுக்கற பாவு நூலு. பட்டும் முதலாளியோடது, ஜரிகையும் அவரோடது, அறுத்து எடுக்கற புடவையும் அவரோடது. இது ஒண்ணுதான் எங்களோடது. வைகாசியில எம் பொண்ணு முகூர்த்தத்துக்குன்னு சொந்தமா பட்டு வாங்கிப் பாவு போட்டது. அரக்கு ஒடம்பு, மாம்பழ மஞ்சள் கரை. கலர் அவ சொன்னது. ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை முடிச்சு வந்து, குறுக்கு ஊடைக்கு நூல் சுத்திக் குடுத்தவளும் அவதான். கரை நெய்ய அவருக்கு மறுபக்கம் உக்காந்து நூல் நாடாவத் தள்ளுனது நானு.

அந்தச் சென்னைப் பொண்ணு புடவையத் தடவிப் பாத்துச்சு. "மாமா, நான் ஷேம்லெஸ்ஸா கேக்கறேன். இது எனக்குத்தான்."

"எம் பொண்ணு கல்யாணத்துக்கு நெய்யறதும்மா"ன்னு அவர் இழுத்தாரு.

"அவளுக்கு இன்னொண்ணு நெய்துக்கலாமே மாமா. நீங்கதான் வீட்லயே இருக்கீங்களே."

கூட அவங்க அம்மா, எங்க அண்ணி வேற. "கல்யாணப் பொண்ணு ஆசப்பட்டுக் கேக்குறா, இல்லைன்னு சொல்லக் கூடாதுடா தம்பி." எம் பொண்ணு மட்டும் இன்னா, கல்யாணப் பொண்ணு இல்லியா?

என் வீட்டுக்காரருக்கு யாருக்கும் இல்லைன்னு சொல்லத் தெரியாது. கேட்டவங்களுக்குக் கூச்சம் இல்ல, கேக்கப்பட்ட இவரு கூனிக் குறுகி உக்காந்திருக்காரு. தலைய ஆட்டப் போறாருன்னு தெரிஞ்சுபோச்சு. உள்ள பாத்தேன். எம் பொண்ணு வாசப்படியில நின்னு அவங்கப்பனையே பாத்துக்கினு இருக்குறா. அந்த மூஞ்சியப் பாத்ததும் தறிக்குப் பக்கத்துல வந்து நின்னேன்.

"தர முடியாது"ன்னேன்.

அண்ணிக்கு மொகம் சிவந்துபோச்சு. "ஒரு புடவைக்குப் போயி, வீடு தேடி வந்த பொண்ணுகிட்ட இப்படிப் பேசறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

பொறந்ததுலேர்ந்து இந்தக் கேள்விக்கு நான் தலையக் குனிஞ்சுதான் பழக்கம். அன்னிக்கு நேரா பாத்தேன்.

"இல்ல அண்ணி. துளி கூட இல்ல."

எம் பொண்ணு கிடுகிடுன்னு உள்ளேர்ந்து வந்து, அவங்க கையில இருந்த காபி டம்ளரையெல்லாம் வாங்க ஆரம்பிச்சிட்டா. அவங்க இன்னும் பாதி கூடக் குடிக்கல.