அறுநூற்றுப் பதினொன்றாவது ஆள்

அவள் சொந்தப் பெயர் அந்தக் கால்பந்து மைதானத்தில் பாதிப்பேருக்குத் தெரியாது. டக்கக்கா எங்கே என்று கேட்டால், டிக்கெட் கிழிப்பவர் முதல் கோல்கீப்பர் வரை எல்லோரும் வடக்கு வாசலைக் கை காட்டுவார்கள். அவள் உள்ளங்கையில் அடங்குகிற, ஆள் எண்ணும் ஓர் இரும்புக் கவுன்டர், நான்கு இலக்கம், மேலே ஒரு பொத்தான். ஓர் ஆள் வாசலைத் தாண்டினால் அவள் கட்டைவிரல் ஒருமுறை கீழே இறங்கும். டக். பதினேழு வருடமாக அதுதான் வேலை. பேசிக்கொண்டே எண்ணுவாள், தும்மிக்கொண்டே எண்ணுவாள். தோளில் உட்கார்ந்து வருகிற குழந்தைக்கும் ஒரு டக் உண்டு.

"நான் பாத்ரூமுக்குப் போனா ஒண்ணு, திரும்பி வந்தா ஒண்ணு. இவகிட்ட இருந்து ஒருத்தனும் தப்ப முடியாது" என்பார் அவள் கணவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கேலி செய்யாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஒரு காலத்தில் நான்கு வாசலுக்கும் ஆள் போட்டு எண்ணினார்கள். ஒன்பதாயிரம் பேர் வந்த ஆட்டங்களும் உண்டு. பிறகு தொலைக்காட்சிக்காரர்கள் ஆட்டத்தை மதியம் மூன்றரைக்கு மாற்றினார்கள். அதே வருடங்களில் வெயிலும் மாறியது. இருபது நாள் இருந்த கொடும் வெயில் நாற்பது நாளானது, அறுபதானது. கூட்டம் ஒரே நாளில் கரையவில்லை, வரிசைப்படி கரைந்தது. முதலில் தோளில் வந்த குழந்தைகள் நின்றார்கள். அடுத்து கைத்தடிக்காரர்கள். அப்புறம் குடும்பத்தோடு வருபவர்கள். கடைசியில், எந்த ஆட்டத்துக்கும் தவறாத மேளக்காரக் கும்பலும் நின்றது. இந்த வரிசை மைதானத்தில் வேறு யாருக்கும் தெரியாது. விற்ற டிக்கெட்டின் எண்ணிக்கையை ஒலிபெருக்கியில் சொல்லி "மூவாயிரம் ரசிகர்களுக்கு நன்றி" என்பார்கள். டக்கக்கா தன் கையில் இருக்கும் எண்ணைப் பார்ப்பாள். தொள்ளாயிரத்துச் சில்லறை.

மேற்குப் பக்கம் கூரை உண்டு. கேமராவும் அங்கேதான். கேமரா பார்ப்பது எதிரே இருக்கிற கிழக்குப் படிக்கட்டை. அங்கே கூரை கிடையாது. வெற்று நாற்காலிகள் திரையில் அசிங்கமாகத் தெரிகின்றன என்று புகார் வந்ததும், கால்பந்துக் கழகம் ஒரு வழி கண்டுபிடித்தது. பக்கத்துக் கம்பெனிகளுக்கெல்லாம் இலவச டிக்கெட் அனுப்பியது. எல்லாமே கிழக்குப் பக்கம். வெளியிலிருந்து தண்ணீர் பாட்டில் கொண்டுவரக் கூடாது என்ற பழைய விதி மட்டும் அப்படியே இருந்தது. வாசலில் பிடுங்கிய பாட்டில்கள் டக்கக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியில் குவிந்து கிடக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்பத்து மூன்று டிகிரி. பார்வையாளர்களுக்கு வடக்கு வாசல் ஒன்றுதான் திறந்திருந்தது. உள்ளே போனவர்கள் அறுநூற்றுப் பதினொன்று.

ஆட்டக்காரர்களுக்கு இரண்டு முறை தண்ணீர் இடைவேளை விட்டார்கள். பார்க்க வந்தவர்கள் உள்ளே இருந்த ஒரே கடையில் வரிசையில் நின்றார்கள். முதல் பாதி முடியும் முன்பே நூறு பேருக்கு மேல் கிளம்பிவிட்டார்கள். முதல் ஆள் கிளம்பியபோதே டக்கக்கா இரண்டாவது கவுன்டரை எடுத்து, வெளியேறுகிறவர்களை எண்ணத் தொடங்கியிருந்தாள். ஆறு மணிக்கு மைதானம் காலி. ஆறே கால் வரை காத்திருந்தாள். இரண்டாவது கவுன்டர் அறுநூற்றுப் பத்தில் நின்றது.

தாளில் இரண்டு கட்டம்: வந்தவர், வெளியேறியவர். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் காவலாளி பூட்டுவார். ஒன்றிரண்டு குறைவது புதிதல்ல. யாராவது தெரிந்தவரைப் பிடித்து ஆட்டக்காரர்களின் மேற்கு வாசல் வழியாகப் போயிருப்பார்கள். அப்போது பொத்தானைச் சும்மா அழுத்தி எண்ணை நிரப்பிவிடுவார்கள். அதற்கு வாசல்காரர்களிடம் ஒரு வார்த்தையே இருந்தது: சரிக்கட்டுவது.

மைதான மேலாளர் கைக்குட்டையை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். "என்னக்கா, முடிஞ்சுதா? நான் இங்கயே வெந்துருவேன் போல."

"ஒண்ணு குறையுது சார்."

"சரிக்கட்டிடுங்கக்கா. எவனாவது அந்தப் பக்கமா நழுவியிருப்பான்."

அவள் திறந்த வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. கட்டைவிரல் இறங்கியது. டக். அறுநூற்றுப் பதினொன்று. கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை புல் வெட்டுகிறவர் கிழக்குப் படிக்கட்டின் பதினான்காவது வரிசையில் ஒரு செருப்பைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். நாற்காலிகளுக்கு அடியில், கிடைத்த ஒரு முழ நிழலுக்குள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு ஒருவர் உயிரில்லாமல் கிடந்தார். லிஃப்ட் மெக்கானிக். கம்பெனி கொடுத்த இலவச டிக்கெட் சட்டைப் பையில் இருந்தது.

கழகம் மூன்றே நாளில் அறிக்கை விட்டது. ஆட்டம் முடிந்து அனைவரும் வெளியேறியதற்கு எழுத்துப்பூர்வமான பதிவு இருக்கிறது. அந்த நபர் பிற்பாடு மது அருந்திவிட்டுச் சுவர் ஏறிக் குதித்து உள்ளே வந்திருக்கக்கூடும். பதிவின் நகலும் இணைத்திருந்தார்கள். கீழே டக்கக்காவின் கையெழுத்து, வழக்கம்போல் சாய்வாக.

அடுத்த வாரம் ஒரு பெண் வடக்கு வாசலுக்கு வந்தாள். மெக்கானிக்கின் மனைவி. மருந்துக்கடையில் வேலை, கடையின் பெயர் தைத்த நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் டக்கக்காவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்கதான் எண்ணுறவங்களாக்கா?"

"ஆமாம்மா."

"அவர் வெளிய வந்ததைப் பார்த்தீங்களா? சாம்பல் கலர் சட்டை. இடது கால் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பாரு." செல்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். "முட்டியில கம்பி வெச்சிருக்கு. மாடிப்படி ஏறவே கைப்பிடி வேணும். எட்டடிச் சுவரு ஏறினாராம். குடிச்சிட்டு ஏறினாராம். என் பெரியவ ஸ்கூல்ல பசங்க கேக்குறாங்க, உங்கப்பா சுவரேறி விழுந்தாராமேன்னு."

படத்தில் இருந்தவர் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். டக்கக்காவுக்கு அந்த நடை நினைவிருந்தது. உள்ளே போகும்போது பெட்டியில் பாட்டிலைப் போட்டுவிட்டு, "திரும்பி வரும்போது எடுத்துக்கலாமா?" என்று கேட்டவர்.

"கூட்டத்துல யாரைன்னு பார்க்கறதும்மா," என்றாள். "நினைவில்ல."

"அறுநூறு பேரு ஒரு கூட்டமாக்கா?"

அந்தப் பெண் செல்பேசியைப் பையில் வைத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள்.

அடுத்த ஆட்டத்துக்கு ஐநூற்று நாற்பது பேர் வந்தார்கள். கிழக்குப் பக்கம் போக யாரும் தயாராக இல்லை. இலவசத் தொப்பி கொடுத்தும் பதினைந்து பேர்தான் உட்கார்ந்தார்கள். அவர்களும் பதினான்காவது வரிசையைச் சுற்றி மூன்று வரிசை காலியாக விட்டு உட்கார்ந்தார்கள். ஆட்டம் முடிந்தது. டக்கக்கா வெளியேறியவர்களின் கவுன்டரைப் பார்த்தாள். ஐநூற்று நாற்பத்தொன்று.

பதினேழு வருடத்தில் எண் குறைந்திருக்கிறது. ஒருநாளும் கூடியதில்லை.

"என்னக்கா, உள்ள எவனாவது பொறந்துட்டானா?" என்று மேலாளர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவரும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அதற்கடுத்த ஆட்டம்: உள்ளே முந்நூற்று எண்பத்தெட்டு, வெளியே முந்நூற்று எண்பத்தொன்பது. அதற்கும் அடுத்தது நாற்பத்து நான்கு டிகிரி. உள்ளே இருநூற்று நாற்பது. இந்த முறை விடக்கூடாது என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து எண்ணினாள். கடைசியாக வெளியே போனவர் ஐஸ் விற்பவரின் மைத்துனர். கவுன்டர் இருநூற்று நாற்பதைக் காட்டியது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். வாசலில் வெறும் அனல் நின்றது. தரை தண்ணீர்போல நெளிந்தது. அந்த நெளிவுக்குள் யாரோ ஒரு காலைத் தாங்கித் தாங்கி வருவதுபோல இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். ஒன்றுமில்லை.

டக்.

சத்தம் கேட்டுத்தான் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது. இருநூற்று நாற்பத்தொன்று.

வீட்டிலும் அது விடவில்லை. கதவு ஓரமாக உட்கார்ந்து துணி மடிக்கும்போது விரல் தானாக அசையும். கணவர் குளித்துவிட்டு வந்தார், அவளைத் தாண்டிப் போனார். விரல் ஒருமுறை அசைந்தது. பிறகு, யாருமே வராத கதவைப் பார்த்து இன்னொரு முறை அசைந்தது.

"யாரை எண்ணுற?" என்றார் அவர். கேலியாகத்தான் தொடங்கினார், அவள் முகத்தைப் பார்த்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். "என்ன ஆச்சு? ஒரு மாசமா பேய் அறைஞ்ச மாதிரி இருக்க."

சொன்னாள். அறுநூற்றுப் பத்து என்றாள். கடைசி ஒன்றைத் தானே அழுத்தியதாகச் சொன்னாள்.

மின்விசிறி சூடான காற்றை இங்கிருந்து அங்கே தள்ளிக்கொண்டிருந்தது.

"சொன்னா வேலை போயிரும்," என்றார்.

"தெரியும்."

"கேஸும் வரலாம்."

"தெரியும்."

"நான் கடைசி ஸ்டாப்புல வண்டிய நிறுத்துனா, இறங்குறதுக்கு முன்னாடி ஒருக்கா பின்சீட்டு வரைக்கும் நடந்து பார்ப்பேன். எவனாவது ஒருத்தன் தூங்கிட்டு இருப்பான்." சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "உன்னைக் குத்திக்காட்ட சொல்லலம்மா. சும்மா வாயில வந்துருச்சு."

"வரட்டும். நான் நடக்கல. அவ்வளவுதான்."

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் மருந்துக்கடைக்குப் போனாள். கடை சின்னது. கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர்பதனம், உள்ளே போனதும் வியர்வை சில்லிட்டது. மூன்று பேர் மருந்துச் சீட்டோடு நின்றார்கள். டக்கக்கா அவர்களுக்குப் பின்னால் நின்றாள். ஒருவர் இருமல் மருந்து வாங்கினார். ஒருவர் மீதி மாத்திரையை அட்டையோடு திருப்பிக் கொடுக்க வாதாடினார். டக்கக்காவின் முறை வரும்வரை மெக்கானிக்கின் மனைவி அவளை ஒருதரம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் பார்த்துவிட்டாள் என்பது தெரிந்தது. மாத்திரை எண்ணுகிற கை ஒரு முறை தவறி, முதலிலிருந்து தொடங்கியது.

"என்ன வேணும்?"

"அவர் வெளிய வரலம்மா."

அந்தப் பெண் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தாள்.

"அறுநூத்திப் பத்துதான் வந்துச்சு. ஒண்ணு குறைஞ்சுது. நான் சும்மா ஒரு தடவை அமுக்கிட்டு, கையெழுத்துப் போட்டேன். நாங்க எப்பவும் அப்படித்தான் செய்வோம். வாசல்ல யாரும் இல்ல. அவர் சுவரேறல. உள்ளயேதான் இருந்தாரு."

முதலாளி உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அந்தப் பெண் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"அன்னைக்கு கேட்டப்ப நினைவில்லன்னீங்க."

"நினைவிருந்துச்சு. பாட்டிலைத் திரும்பி வரும்போது எடுத்துக்கறேன்னு சொல்லிட்டுப் போனாரு. அதுவும் நினைவிருந்துச்சு."

மெக்கானிக்கின் மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பில் புத்தகத்துக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி, பேனாவோடு கண்ணாடி மேசைமேல் தள்ளினாள். "எழுதிக் குடுங்க. இப்ப சொன்னதை அப்படியே."

டக்கக்கா எழுதினாள். தேதி, வாசல், டிகிரி. வந்தவர் 611. வெளியேறியவர் 610. மேலாளர் சொன்னதை எழுதினாள். அதற்கு அடுத்து, அழுத்தியது தன் விரல் என்பதை எழுதினாள். கையெழுத்து இந்த முறை சாயவில்லை. பதினேழு வருடத்தில் தான் எழுதிய தாள்களிலேயே இது ஒன்றுதான் இப்படிக் கனக்கிறது என்று நினைத்தாள். இறக்கி வைத்துவிட்டால் இலேசாகிவிடும் என்றும் நினைத்தாள்.

அந்தப் பெண் தாளை எடுத்து, உதடு அசையாமல் இரண்டு முறை படித்தாள். பள்ளியில் கேள்வி கேட்கும் பிள்ளைகளுக்கு இனி ஒரு பதில் இருக்கிறது. அதை நான்காக மடித்து நீலக் கோட்டின் பைக்குள் வைத்தாள்.

"மணி எத்தனைக்கா அப்ப?"

"எப்ப?"

"ஒண்ணு குறையுதுன்னு தெரிஞ்சப்ப."

"ஆறே கால்."

அந்தப் பெண் மேசையில் கையை ஊன்றிக்கொண்டாள். அடுத்த சீட்டுக்காரர் உள்ளே வந்து, நிலைமையைப் பார்த்துக் கதவோரமாகவே நின்றார்.

"போஸ்ட்மார்ட்டம் பண்ண டாக்டர் சொன்னாங்க," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "ராத்திரி எட்டு, எட்டரை வரைக்கும் உசிரு இருந்திருக்குமாம்."

அந்தப் பெண் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வந்தவரிடம் கை நீட்டி, சீட்டை வாங்கி, அலமாரிப் பக்கம் திரும்பிவிட்டாள். டக்கக்கா கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளியே வந்தாள். பத்தரை மணி வெயில் முகத்தில் அறைந்தது. வடக்கு வாசலிலிருந்து பதினான்காவது வரிசைக்கு எத்தனை படி என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். நிதானமாக ஏறினாலும் நான்கு நிமிடம்.